சுவருக்கு அப்ஸ்ட்ராக்ட் ஓவியம் வாங்கப் போறீங்களா? முதல்ல அமிர்திக்கு ஒரு ட்ரிப் போங்க!

புது வீட்டுக்குக் குடிவந்தாச்சு. சோபா வந்தாச்சு, டி.வி மாட்டியாச்சு. சோபாவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் மட்டும் சும்மா நிற்கிறது. ஷாப்பிங் ஆப்பைத் திறந்து ‘அப்ஸ்ட்ராக்ட் பெயின்ட்டிங்’ என்று தட்டுகிறீர்கள். நீலமும் தங்கமும் கலந்த அலைகள், சாம்பல் வட்டங்கள், பீச் கலர் வளைவுகள் என்று ஸ்க்ரோல் பண்ணப் பண்ண வந்துகொண்டே இருக்கின்றன. பத்து நிமிஷத்தில் எல்லாமே ஒரே படம் மாதிரி தெரிய ஆரம்பிக்கும். கடைசியில் எது தள்ளுபடியில் இருக்கிறதோ, அது கார்ட்டுக்குப் போகும்.

அப்புறம் ஒரு நாள் வீட்டுக்கு வரும் சித்தியோ ஃப்ரெண்டோ, ‘இது என்ன படம்?’ என்று கேட்பார்கள். உங்களிடம் பதில் இருக்காது. அதுகூடப் பரவாயில்லை. ஆறு மாதத்தில் அந்தப் படம் அங்கே இருப்பதே உங்கள் கண்ணில் படாமல் போய்விடும். காசு கொடுத்து வாங்கியது, வால்பேப்பர் ஆகிவிடும். அதே படம் இன்னும் ஆயிரம் வீடுகளின் ஹாலிலும் தொங்கிக்கொண்டிருக்கும்.

தினமும் பார்க்கப்போகிற ஒரு பொருளை ஆறு இன்ச் ஸ்கிரீனில் பத்து செகண்ட் பார்த்து முடிவு செய்வதுதான் பிரச்னை. முதலில் நம்ம கண்ணுக்கு எது பிடிக்கும் என்று நமக்கே தெரியணும். அதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு வழி இருக்கு. வேலூர்க்காரர்களுக்கு அது சுமார் 25 கிலோமீட்டர் தூரம்.

அமிர்தியில் கண்ணைச் சுருக்கிப் பாருங்க

வேலூரைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் மொட்டைப் பாறை மலைகள். கணியம்பாடி பக்கம் போய், ஜவ்வாது மலையின் அடிவாரத்தை நெருங்க நெருங்க, நிறம் மாறும். அமிர்தியில் வனத்துறையின் சின்ன உயிரியல் பூங்கா இருக்கிறது. மான், மயில், முதலை எல்லாம் பார்த்துவிட்டு, காட்டுக்குள் கொஞ்சம் நடந்தால் அருவி. மழைக்குப் பிறகு போனால்தான் அதில் தண்ணீரைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் போனில் நூறு, இருநூறு போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை.

அடுத்த முறை போகும்போது செல்ஃபியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எதிரே தெரியும் மலையைப் பார்த்து, கண்ணைப் பாதி மூடுங்கள். மரம், கிளை, இலை எல்லாம் காணாமல் போகும். மிஞ்சுவது மூன்று நான்கு பட்டைகள்: கீழே கரும்பச்சை, அதற்கு மேல் பழுத்த மஞ்சள், அதற்கும் மேல் நீலம் கலந்த சாம்பல், உச்சியில் வெளிர் வானம். அங்கே மலை என்று ஒன்று இல்லை. ஆனாலும் மலையின் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது. அப்ஸ்ட்ராக்ட் ஓவியத்தின் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தமிழில் இதை ‘அரூப ஓவியம்’ என்பார்கள். உருவத்தை விட்டுவிட்டு நிறம், கோடு, இடைவெளி ஆகியவற்றை வைத்துப் பேசும் ஓவியம்.

இப்போது போனை எடுங்கள். பாறையில் தண்ணீர் வழிந்து காய்ந்த கறுப்புத் தடம், மரப்பட்டையின் வெடிப்பு, குட்டையில் ஆடும் நிழல், காய்ந்த மூங்கில் தோகைகள் விழுந்த தரை என்று இஷ்டத்துக்கு எடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். ‘இது பாறை’, ‘இது தண்ணீர்’ என்று சொல்ல முடியாத இடம் வரும்போது ஸ்க்ரீன்ஷாட். இப்படி ஒரு இருபது சேருங்கள். (அதற்காக வழுக்குப் பாறை மேலே ஏற வேண்டாம். நின்ற இடத்திலேயே போதுமான அளவு கிடைக்கும்.)

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்புறம் திறந்து, இன்னமும் பிடிக்கிற ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். அந்த ஐந்திலும் பொதுவாக என்ன இருக்கிறது? நிறைய காலி இடமா, நெருக்கமான கோடுகளா? மண் நிறங்களா, பளிச்சென்ற பச்சையா? படுத்திருக்கும் கோடுகளா, நிமிர்ந்து நிற்பவையா? உங்கள் ரசனை என்பது கிட்டத்தட்ட இதுதான். ஆப் காட்டும் ‘டிரெண்டிங்’ படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

ஒரே அமிர்தி மே மாதத்தில் செம்மண்ணும் சாம்பலுமாக இருக்கும், நவம்பரில் பச்சை ததும்பும். இரண்டு முறையும் போய் எடுத்துப் பார்த்தால், உங்களுக்குப் பிடித்தது பச்சையா, வறட்சியா என்று தெரிந்துபோகும். வறட்சிதான் பிடிக்கிறது என்றால் அதிலும் தப்பில்லை. இருட்டான படங்கள் பிடிக்கிறவர்கள் இன்னும் மேலே போகலாம். அதே ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானோக்கு ஆய்வகம் இருக்கிறது. வானம் நல்ல இருட்டாகக் கிடைக்கும் என்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பக்க ராத்திரி வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், கறுப்பு ஒரே நிறம் இல்லை என்று கண்ணுக்குத் தெரியும்.

‘அப்போ அந்த ஸ்க்ரீன்ஷாட்டையே பிரின்ட் போட்டு மாட்டிடலாமே?’ தாராளமாக மாட்டலாம். ஆப்பில் வரும் அலைகளைவிட அது எவ்வளவோ மேல். ஆனால், ஓவியத்தில் இன்னொன்று கிடைக்கும். எதை வைப்பது, எதை விடுவது என்று ஒரு மனிதர் பல வருஷம் யோசித்த யோசனை.

கீராம்பூரிலிருந்து வந்த நிறங்கள்

‘உருவம் வரையத் தெரியாதவங்கதான் இப்படிக் கிறுக்குவாங்க’ என்று சொல்பவர்களுக்குக் காட்ட வேண்டிய பெயர், கே.எம்.ஆதிமூலம். 1938-ல் துறையூர் அருகே கீராம்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது, அதற்குக் கோட்டோவியம் வரைந்தவர் அவர். எத்தனையோ தமிழ்ப் புத்தக அட்டைகளில் நீங்கள் பார்த்திருக்கும் அந்த முரட்டு அழகு எழுத்துகளும் அவர் கைவண்ணம்தான். காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969-ல் காந்தியை 100 கோட்டோவியங்களாக வரைந்தார். கறுப்பு மையில் கோடு போட்டால் மனிதர் எழுந்து உட்காருவார், அப்படி ஒரு கை.

அந்தக் கைதான் பிறகு உருவத்தை விட்டுவிட்டு, கேன்வாஸில் எண்ணெய் வண்ணங்களுக்குப் போனது. அடர்த்தியாகப் பூசிய வண்ணப் பரப்புகள், ஒன்றின் மேல் ஒன்று. தூரத்திலிருந்து பார்த்தால் நிலம் மாதிரி, வானம் மாதிரி, அறுத்த வயல் மாதிரி இருக்கும். கிட்டே போனால் வெறும் வண்ணம். 2008-ல் அவர் மறையும் வரை அந்தப் பயணம் தொடர்ந்தது. துறையூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பச்சைமலை அங்கே கண்ணெதிரே நிற்கும். அவருடைய படங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த நிலம்தான் ஞாபகம் வரும். அமிர்தியில் கண்ணைச் சுருக்கிப் பார்த்த பிறகு அவருடைய படத்தைப் பார்த்தால், ‘புரியலையே’ என்ற வார்த்தை வாயில் வராது.

இன்னொருவர் அச்சுதன் கூடலூர். கேரளத்தில் பிறந்து, சிவில் இன்ஜினீயராகச் சென்னைக்கு வந்தவர். ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவர் இல்லை. வேலை முடிந்த பிறகு மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் கற்றுக்கொண்டு, முழுக்க முழுக்க அரூபத்துக்குள் போனார். சிவப்பு என்றால் சிவப்பு, அப்படி ஒரு சிவப்பு அவர் படங்களில். 2022-ல் காலமானார். ஐ.டி வேலையிலிருந்து வந்து ராத்திரியில் படம் வரைபவர்கள் இவரைத் தேடிப் பார்க்கலாம்.

படிக்க முடியாத நோட்டுப் புத்தகம்

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கர் (1911-1977), 1963 வாக்கில் ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்தார். எண்கள், எழுத்துகள், கட்டங்கள், வடிவியல் கோடுகள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற அவருடைய ஓவிய வரிசை. அந்தப் படங்களில் எழுத்து மாதிரி நிறைய இருக்கும், ஆனால் படிக்க முடியாது. ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள் இருக்கும், ஆனால் யாருடைய ஜாதகமும் இல்லை. மொழி தெரியாத ஊரில் கடைப் பலகைகளைப் பார்க்கும்போது எழுத்தின் அழகு மட்டும் தனியாகத் தெரியுமே, அது மாதிரி.

பணிக்கரின் இன்னொரு வேலை, வாங்கப்போகிற நமக்கு முக்கியம். அன்றைய மெட்ராஸில் படம் வரைந்து மட்டும் வாழ முடியாது, வாங்க ஆள் இல்லை. அவரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி, கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது இப்படித்தான். பகலில் கைவினை வேலை, மிச்ச நேரத்தில் ஓவியம். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது நீங்கள் தாண்டிப்போகும் அந்த வளாகத்தில் ‘மெட்ராஸ் இயக்க’ ஓவியர்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. வாங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் ஒரு மதியம் ஒதுக்கிப் போய் வாருங்கள். ஒரிஜினல் கேன்வாஸில் வண்ணம் எப்படி மேடு பள்ளமாக நிற்கும் என்பதை நேரில் பார்த்துவிட்டால், ‘ஹேண்ட் டச்’ என்று விற்கப்படும் பிரின்ட்டை அடையாளம் காண்பது ரொம்ப ஈஸி.

‘எங்க வீட்டில் இதெல்லாம் செட் ஆகாது’ என்று நினைப்பவர்கள், வாசலைப் பாருங்கள். சிக்குக் கோலம் எதன் படம்? எதன் படமும் இல்லை. புள்ளி, அதைச் சுற்றி வளையும் கோடு, சமநிலை. அம்மாவோ பாட்டியோ தினமும் காலையில் போடுவது சுத்தமான அரூபம்தான். ‘கோலம் புரியலை’ என்று இதுவரை யாராவது சொல்லியிருக்கிறார்களா?

சோபா கலருக்கு மேட்ச் பார்க்காதீங்க

கடையிலும் வீடியோவிலும் தரும் முதல் அட்வைஸ், குஷன் நிறத்துக்கு மேட்ச்சாக வாங்குங்கள் என்பது. என்னைக் கேட்டால், அது தலைகீழ். சோபாவை ஏழெட்டு வருஷத்தில் மாற்றுவீர்கள், கவர் அதற்கு முன்னாலேயே மாறும். நல்ல படம் அதையெல்லாம் தாண்டி நிற்கும். படத்துக்காகக் குஷன் மாற்றலாம், அதற்கு ஆகும் செலவு குறைவு.

அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பெரிய சுவரில் சின்னப் படம் தபால்தலை மாதிரி தொங்கும். சோபாவுக்கு மேலே என்றால், சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆறடி சோபாவுக்கு நாலடிப் படம். பட்ஜெட் இடிக்கிறதா? இரண்டு சின்னப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம். வாங்கும் முன் பழைய செய்தித்தாளை அதே அளவுக்கு வெட்டி, சுவரில் ஒட்டி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். உயரத்தைப் பொறுத்தவரை, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் ஐந்தடிக்குள் இருக்கட்டும். நம் வீடுகளில் சாமி படம், தாத்தா படம் எல்லாம் அண்ணாந்து பார்க்கிற மாதிரி மாட்டிப் பழகிவிட்டோம். இதை எதிரே உட்கார்ந்து பார்க்கணும்.

வீட்டில் மற்றவர்களுக்கும் ஓட்டு உண்டு. பத்துப் படங்களை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் சண்டைதான் வரும். அதற்குப் பதில், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் காட்டி மூன்று தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ‘எது புரியுது?’ என்று கேட்காதீர்கள். ‘எதை ரொம்ப நேரம் பார்க்கலாம்?’ என்று கேளுங்கள். அப்பாவும் நீங்களும் ஒரே படத்தைத் தொட்டிருப்பது அப்போதுதான் தெரியவரும்.

ஓதம், வெயில், ஆணி

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் படம் வேண்டாம். வேலூர் வெயிலில் மலிவு பிரின்ட்டின் மை சீக்கிரமே வெளிறிவிடும். நல்ல ஓவியமும் நேர் வெயிலைத் தாங்காது. மழைக்காலத்தில் ஓதம் இறங்கும் வெளிச்சுவரும் ஆகாது. கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடித்தால், அது முன்னால் தெரிவதற்குள் காலம் கடந்திருக்கும். வேறு சுவரே இல்லையென்றால், ஃபிரேமின் கீழ் மூலைகளில் சின்ன கார்க் துண்டுகளை ஒட்டுங்கள். படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று போக வழி கிடைக்கும். காகிதத்தில் வரைந்த படம் என்றால் கண்ணாடி கட்டாயம், இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சிக்குத் தீனி. சாமி படத்துக்குக் கண்ணாடி போடும் கடையிலேயே ஃபிரேம் போடலாம். ஆனால், படம் கண்ணாடியில் ஒட்டாமல் நடுவில் மவுன்ட் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் சாதா அட்டை வேண்டாம், ஆசிட் இல்லாத அட்டை கேளுங்கள்.

டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பெல்லாம் செத்துப்போகும். படத்தின் மேல் விழும் விளக்கு வார்ம் ஒயிட்டாக, சி.ஆர்.ஐ 90-க்கு மேல் உள்ள எல்.இ.டி-யாக இருந்தால், நிறங்கள் உள்ளபடி தெரியும். அட்டைப்பெட்டியிலேயே அந்த எண் அச்சாகியிருக்கும்.

வாடகை வீடா? ஹவுஸ் ஓனரிடம் ஆணி அடிக்க அனுமதி கேட்டு அவமானப்பட வேண்டாம். ஷெல்ஃப் மேலோ, தாழ்வான மேஜை மேலோ சுவரில் சாய்த்து வையுங்கள். பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

எந்தப் பக்கம் மேலே என்பது சின்ன விஷயமில்லை. மோந்திரியான் 1941-ல் கலர் டேப்களை ஒட்டி உருவாக்கிய ‘நியூயார்க் சிட்டி 1’ என்ற படம், பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது என்று 2022-ல் ஜெர்மனியின் டுஸ்ஸெல்டார்ஃப் அருங்காட்சியகத்தில் கண்டுபிடித்தார்கள். திருப்பினால் பழைய டேப்கள் உரிந்துவிடுமோ என்று பயந்து, அப்படியே விட்டுவிட்டார்கள். அவர்களுக்கே அந்த நிலைமை! நீங்கள் வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பி, கையெழுத்தையும் அம்புக்குறியையும் பார்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது?

அரூப ஓவியம் என்றதும் பேப்பரில் வரும் ஏலச் செய்தி ஞாபகம் வரலாம். வி.எஸ்.கைத்தொண்டேயின் ஒரு படம் 2021-ல் 39.98 கோடி ரூபாய்க்குப் போனது. அது வேறு உலகம். உங்கள் உலகம் ஓவியக் கல்லூரிகளின் மாணவர் கண்காட்சிகளில் இருக்கிறது. சென்னையில் 1850-ல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி, கும்பகோணத்தில் இன்னொரு அரசுக் கல்லூரி. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி, முட்டுக்காடு தட்சிணசித்ராவின் கேலரி, சோழமண்டலம் ஆகிய இடங்களிலும் கண்காட்சிகள் நடக்கும். எங்கும் உள்ளே போய்ப் பார்க்கலாம், வாங்கித்தான் ஆகணும் என்று யாரும் பிடித்துவைக்க மாட்டார்கள். கல்லூரி மாணவரின் சின்னப் படத்துக்கு விலை கேட்டுப் பாருங்கள். நீங்கள் பயந்த அளவுக்கு இருக்காது. பெரிய கேன்வாஸ் கைக்கு எட்டவில்லை என்றால், அதே ஓவியரின் காகித வேலைகளைக் கேளுங்கள்.

இன்னொரு நல்ல வழி, அச்சு ஓவியம். எட்சிங், லித்தோகிராஃப், செரிகிராஃப் போன்ற முறைகளில் ஓவியரே குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் எடுப்பார். கீழே பென்சிலில் 7/25 என்று இருந்தால், மொத்தம் 25 பிரதிகளில் இது ஏழாவது என்று அர்த்தம். பக்கத்தில் அவர் கையெழுத்தும் இருக்கணும். இது ஒரிஜினல் படைப்புதான். ஆப்பில் ‘லிமிடெட் ஸ்டாக்’ என்று சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பெரிய பெயர்களின் படம் சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது இன்ஸ்டாவில் மெசேஜ் அனுப்பினால், தள்ளியே இருங்கள். மறைந்த ஓவியர்களின் பெயரில் போலிகள் வருவது இந்தத் துறையில் பழைய கதை. படம் யார் யாரிடமிருந்து கைமாறி வந்தது என்ற விவரம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

ஓவியரிடமே நேரில் வாங்கினால், அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள். மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால், ‘ரெண்டு மூணு தவணையில் தரலாமா?’ என்று கேளுங்கள். இளம் ஓவியர்கள் பலர் சரி என்பார்கள். படத்தின் பெயர், அளவு, எந்த வண்ணம், எந்த வருஷம் வரைந்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்ட சான்றிதழும் பில்லும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரு கவரில் போட்டு, ஃபிரேமுக்குப் பின்னாலேயே ஒட்டிவிடுங்கள். வீடு மாறும்போது படத்தோடு அதுவும் வந்துவிடும்.